யாருக்கு எவ்வளவு காத்திருப்பு? நியாயமான நகரத்தை ஆய்வுக் கேள்வியாக்குதல்

நகர வடிவமைப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வருகிறவர்களின் முதல் வரைவுத் தலைப்பு பெரும்பாலும் 'சென்னையில் சமத்துவமும் மனிதநேயமும் கொண்ட நகர வடிவமைப்பு: ஒரு பல்துறை அணுகுமுறை' என்கிற மாதிரியில் இருக்கும். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் நாளைக் காலை எங்கே போய் நிற்பது, யாரிடம் பேசுவது, எதை அளப்பது என்று கேட்டால் அந்தத் தலைப்பில் பதில் கிடைக்காது. நகரம் சிலருக்கு வசதியாகவும் பலருக்குத் தண்டனையாகவும் இருப்பதைப் பார்த்து மனம் கொதித்துத்தான் இந்த ஆய்வுக்கு வருகிறீர்கள். அந்தக் கொதிப்பை விட்டுவிடாமல், தேர்வாளர் எத்தனை குறுக்குக் கேள்வி போட்டாலும் நிற்கக்கூடிய கேள்வியாக அதை மாற்றுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

நான் நம்பும் வழி ஒன்றுதான். துறைகளை முதலில் திரட்டாதீர்கள். ஓர் இடத்தையும், அந்த இடத்தில் ஒருவர் நாள்தோறும் சுமக்கும் ஒரு சுமையையும் முதலில் பிடியுங்கள். அந்தச் சுமை எங்கிருந்து வந்தது, யார் எடுத்த முடிவால் வந்தது என்று தேடிப் போகும்போது எந்தத் துறையிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும். சமூகவியல், பொருளாதாரம், கட்டடக்கலை, சட்டம் என்று நான்கையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் எழுதி, கடைசியில் தைத்துவிடலாம் என்று தொடங்கும் ஆய்வுகள் தைக்கும் இடத்தில்தான் கிழிகின்றன.

செய்து காட்டியவர்கள்

பல்துறை ஆய்வு என்றால் என்ன என்று விளக்கம் கேட்கும் மாணவருக்கு நான் முதலில் கொடுப்பது டொனால்ட் ஆப்பிள்யார்டும் மார்க் லின்டெல்லும் 1972இல் வெளியிட்ட சான் பிரான்சிஸ்கோ தெரு ஆய்வைத்தான். ஒன்றுக்கொன்று இணையாக, அருகருகே ஓடும் மூன்று தெருக்கள்: ஆக்டேவியா, காஃப், ஃபிராங்க்ளின். முதலாவதில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடின. இரண்டாவதில் 8,000, மூன்றாவதில் 16,000. இதுவரை போக்குவரத்துப் பொறியாளரின் கணக்கு. அதன்பின் வீடுகளுக்குப் போய், இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள், எத்தனை பேரின் முகம் தெரியும், உங்கள் 'வீடு' எதுவரை நீள்கிறது, அதை இந்தப் படத்தில் வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள். வண்டி மிகுந்த தெருவில் 0.9. முதல் தெருவில் சிலர் தெரு முழுவதையுமே தங்கள் வீடு என்று வளைத்துக் கோடு போட்டார்கள். மூன்றாவதில் கோடு கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

வாகன எண்ணிக்கை பொறியியலின் முறை, நேர்காணல் சமூகவியலின் முறை. மக்களையே படம் வரையச் சொல்வது கெவின் லிஞ்ச் 1960இல் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களை வைத்து எழுதிய நூலின் வழி வந்த முறை. மூன்றையும் அதே தெருக்களின் மேல், ஒரே கேள்விக்காகப் பயன்படுத்தினார்கள். 'போக்குவரத்து மக்களைப் பாதிக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் அந்த ஆய்வை இன்று எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். வண்டிகள் கூடும்போது நட்பு குறைகிறதா என்று கேட்டதால்தான் ஒரு பொறியாளரும் ஒரு கவுன்சிலரும் ஒரு தாயும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடிந்தது.

அந்த ஆய்வின் பலவீனத்தையும் சேர்த்தே படியுங்கள். பேட்டி கண்டது கொஞ்சம் பேரைத்தான். அதோடு, வண்டி கூடிய தெருவிலிருந்து குழந்தை உள்ள குடும்பங்கள் முன்பே வெளியேறியிருந்தால், நட்பைக் குறைத்தது வண்டியா, அல்லது அங்கே மிஞ்சியவர்களே வேறு வகைப்பட்டவர்களா? இந்தக் கேள்வி உங்கள் ஆய்வுக்கும் கட்டாயம் வரும். 2008இல் பிரிஸ்டல் நகரத்தின் மூன்று தெருக்களில் இதே முறையைத் திரும்பச் செய்தபோதும் போக்கு அதே திசையில்தான் இருந்தது. ஒரு முறையை இன்னொரு நகரத்தில் அப்படியே திரும்பச் செய்து பார்ப்பதும் மதிப்புள்ள ஆய்வுதான். நம் பல்கலைக்கழகங்களில் 'புதுமை இல்லை' என்று அதை ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லாத விஷயம்.

அடுத்தது வியன்னா. 1990களின் இரண்டாம் பாதியில் அந்த நகரத்தின் பூங்காக்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள், ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவிலிருந்து காணாமல் போவதைக் கவனித்தார்கள். சிறுவர்கள் அப்படிக் குறையவில்லை. பூங்காவின் வாசலில் எல்லாருக்கும் அனுமதி என்றுதான் இருந்தது, தடை எதுவும் இல்லை. ஆனால் நடுவில் ஒரே பெரிய திறந்த விளையாட்டிடம். அங்கே பந்தோடு முதலில் வருகிறவனுக்கே இடம் சொந்தம் என்று ஆகிவிட்டது. போட்டி போட்டு இடம் பிடிப்பதைவிட வராமல் இருப்பதே மேல் என்று சிறுமிகள் ஒதுங்கினார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். பெரிய இடத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளைக் கூட்டி, வாலிபால், பாட்மிண்டன் போன்றவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். அநியாயம் விதியில் மட்டும் இருப்பதில்லை, தரையின் வடிவத்திலும் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. விதியைப் படிக்கும் சட்ட மாணவருக்கு இது தென்படாது, தரையை மட்டும் வரையும் கட்டடக்கலை மாணவருக்கும் தென்படாது. வயதையும் பாலினத்தையும் நேரத்தையும் சேர்த்து எண்ணியவருக்கே தென்பட்டது.

நம் நாட்டில் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பொதுவெளியில் பெண்களைப் பற்றிச் செய்த ஆய்வு 2011இல் நூலாக வந்தது. ஒருவர் சமூகவியலாளர், ஒருவர் பத்திரிகையாளர், ஒருவர் கட்டடக் கலைஞர். அந்தக் கூட்டுதான் அந்த நூலின் பலம்.

தமிழ்நாட்டு மாணவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய முன்னோடி பாட்ரிக் கெடஸ். தாவரவியலில் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் ஏற்றிய 'கிளான் கிராண்ட்' கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சில வாரங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன். மீண்டும் படங்களைச் சேகரித்து 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் உள்ளிட்ட ஊர்களின் தெருக்களில் நடந்தே சுற்றி அறிக்கை எழுதினார். நெரிசலான பழைய குடியிருப்பின் குறுக்கே நேர்கோட்டில் அகலச் சாலை போடும் திட்டங்களை அவர் எதிர்த்தார். செலவும் அதிகம், வீடிழந்த ஏழைகள் அடுத்த தெருவின் நெரிசலில் போய் விழுவார்கள் என்பது அவர் வாதம். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, கிடைக்கும் சிறு வெளிகளை இணைத்து, மரம் நட்டு, மற்றதை அப்படியே விடலாம் என்றார். நோயைக் கண்டறியாமல் சிகிச்சை கூடாது என்பது அவருடைய முறையின் சாரம். இன்று நடக்கும் பல அகற்றல்களைப் படித்துவிட்டு அந்த அறிக்கைகளைத் திறந்தால், நூறு ஆண்டுக்கு முன்பே இதே ஊர்களில் வேறு வழி ஒன்று எழுதி வைக்கப்பட்டிருப்பது தெரியும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்போம்

குடிசை மாற்று வாரியம் 1970இல் உருவானது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்கக் காலத்தில் வாரியம் கட்டிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்திலேயே, நகரத்தின் நடுவிலேயே எழுந்தன. 2000க்குப் பிறகு நிலைமை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்புக்கு வீடுகள் நகர்ந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் எட்டு அடுக்குக் கட்டடங்களில் 20,000க்கு மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடும்பங்கள் பல இங்கே அனுப்பப்பட்டன. சென்னையின் மையப் பகுதியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்.

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் இப்போது பெரும்பாக்கத்தில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு நடந்து போனவர் இப்போது பஸ் பிடிக்கிறார். முதல் வரைவில் நீங்கள் எழுதும் கேள்வி, 'மறுகுடியமர்வு பெண்களின் வாழ்வாதாரத்தைப் பாதிக்கிறதா?' என்பதாக இருக்கும். பாதிக்கிறது என்று ஏற்கெனவே பலர் நிறுவிவிட்டார்கள். அதையே மீண்டும் நிறுவ நான்கு ஆண்டு செலவிட வேண்டாம்.

கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய மாற்றம், நல்ல மாற்றம். ஆனால் அது எல்லா பஸ்ஸுக்கும் இல்லை. டீலக்ஸ் வந்து நின்றால் அவர் ஏற மாட்டார், அடுத்த சாதாரண பஸ்ஸுக்காக நிற்பார். அப்படியானால் கேள்வியை இப்படி இறுக்கலாம்: கட்டணமில்லாப் பயணம் பெரும்பாக்கத்துப் பெண்களின் பயணச் சுமையைக் குறைத்ததா, அல்லது அதில் ஒரு பகுதியைப் பணத்திலிருந்து காத்திருப்புக்கு மாற்றியதா? இதற்குப் பதில் உண்டு. நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான பதிலும் வரலாம், அதனால்தான் இது ஆய்வு. எந்தத் தரவு வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று முன்மொழிவிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். நியாயத்துக்காக எழுதுகிறவர்களுக்கு இந்த ஒழுக்கம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இனி துறைகளைக் கூப்பிடலாம். முதலில் போக்குவரத்துக் கணக்கு. மணிக்கு மூன்று பஸ் என்று அட்டவணை சொன்னால் 20 நிமிடத்துக்கு ஒன்று, சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம் என்று போட்டுவிடுவார்கள். நிறுத்தத்தில் நின்று நேரம் குறித்துப் பாருங்கள். பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே வருவது தெரியும். ஓர் இடைவெளி 38 நிமிடம், அடுத்தது 2 நிமிடம் என்று கொள்வோம். இடைவெளிகளின் சராசரி இப்போதும் 20தான். ஆனால் அந்த 40 நிமிடத்தில் எந்தக் கணத்திலும் ஒருவர் நிறுத்தத்துக்கு வரலாம். 40இல் 38 பங்கு வாய்ப்பு அவர் நீண்ட இடைவெளிக்குள் மாட்டுவது. அங்கே சராசரியாக 19 நிமிடம் நிற்பார். மீதி 2 பங்கில் 1 நிமிடம். இரண்டையும் சேர்த்தால் 18 நிமிடத்தைத் தாண்டுகிறது. காகிதத்தில் 10, நிற்கும் காலுக்கு 18. முதலில் வந்த பஸ் நிரம்பி வழிந்து நிற்காமல் போனால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கை உங்கள் ஆய்வேட்டில் வரி வரியாகக் காட்டுங்கள். போக்குவரத்து நிறுவனம் பஸ்களின் சராசரியைச் சொல்கிறது, நீங்கள் பயணிகளின் சராசரியைச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே தெருவில், ஒரே நாளில் எடுத்தவைதான். ஆனால் ஒன்று மட்டுமே கோப்பில் ஏறுகிறது. நகரத்தில் அநீதி எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதற்கு இதற்கு மேல் ஒரு கோட்பாடு தேவைப்படாது. ஹென்றி லெஃபெவ்ர் 1968இல் முன்வைத்த நகரத்தின் மீதான உரிமையையும், சூசன் ஃபெயின்ஸ்டைன் 2010இல் நியூயார்க், லண்டன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களை வைத்து எழுதிய நியாய நகரக் கருத்தையும் படிக்கத்தான் வேண்டும். இப்படியொரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அவர்கள் சொல்வது மனத்தில் பதியும்.

அடுத்து, அந்தப் பெண்ணின் நாள். ஒரு வாரத்துக்கு அவரோடு நேரக் குறிப்பு எடுங்கள். கேள்வித்தாள் இங்கே உதவாது. காலை எத்தனை மணிக்கு எழுந்தார், லிஃப்ட் ஓடியதா, நிறுத்தத்துக்கு எந்த வழியாக நடந்தார், எந்த பஸ்ஸை விட்டார், ஏன் விட்டார், எந்த வீட்டு வேலையைக் கைவிட்டார். நான்கு வீடு இரண்டாகக் குறைந்தது தெரிந்தால், அங்கேதான் பொருளாதாரம் உள்ளே வருகிறது. அவர் மகளின் பள்ளி நேரமும் உங்கள் குறிப்பில் இருக்கட்டும். அம்மா அதிகாலையில் கிளம்பும் வீட்டில் தம்பி தங்கையைக் கிளப்பி அனுப்புவது யார்?

நிறுத்தத்தையும் அளக்க வேண்டும். வெயில் பற்றி எழுதுகிறவர்கள் செயற்கைக்கோள் படத்தை எடுத்துச் சிவப்பு மஞ்சள் வண்ணம் பூசிவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் 8 வெப்பப் படம் நூறு மீட்டர் சதுரத்தை ஒரே புள்ளியாகத்தான் பார்க்கிறது. அது நம் ஊரைக் கடப்பதும் காலை 10 மணியை ஒட்டித்தான். ஒரு நிழற்குடையின் கீழ் பிற்பகல் 2 மணிக்கு என்ன சூடு என்பதை அதனால் சொல்ல முடியாது. சிறு வெப்பமானி ஒன்றும், நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று குறித்த ஒரு தாளும் இதற்குப் போதும்.

பிளாட்பாரத்தின் அகலத்தைச் சுவரிலிருந்து விளிம்புவரை அளந்து எழுதாதீர்கள். மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் நிற்கும் இடத்தில், மரத்தடியில், நிறுத்தி வைத்த பைக்குக்குப் பக்கத்தில், ஆள் நடக்க மிஞ்சும் குறைந்தபட்ச அகலம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரசின் 2012ஆம் ஆண்டு நடைவசதி நெறிமுறை குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்கிறது. விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நூறு மீட்டர் நீளத்தில் ஒரே ஓர் இடம் 60 சென்டிமீட்டராகக் குறுகினால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த நூறு மீட்டரும் இல்லாததற்குச் சமம். சராசரி அகலம் என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டால் அவர் மறைந்துவிடுவார்.

ஆட்களை எண்ணும் முறைக்கு வில்லியம் வைட்டும் யான் கெலும் நல்ல ஆசான்கள். வைட் நியூயார்க் சதுக்கங்களைக் கேமரா வைத்துப் படம்பிடித்து, 1980இல் எழுதினார்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையான முடிவு. ஆனால் அதை எண்ணிக் காட்டிய பிறகே கட்டடக்காரர்கள் நம்பினார்கள். கெல் கோபன்ஹேகன் தெருக்களைப் பல பத்தாண்டுகள் இப்படியே எண்ணினார். ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் எண்ணுங்கள். நடக்கிறவர், நிற்கிறவர், உட்கார்ந்தவர், சுமையோடு போகிறவர், குழந்தையைத் தூக்கியவர், முதியவர் என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். மழை நாளில் ஒன்று, முகூர்த்த நாளில் ஒன்று, சாதாரண வாரநாளில் ஒன்றாவது வேண்டும்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எண்ணிக்கை வந்தவர்களை மட்டுமே காட்டும். கண் தெரியாதவர் ஒருவர் சாலைச் சந்திப்பைக் கடக்கவே பயந்து வீட்டில் இருந்தால், உங்கள் தாளில் அவருக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து 'இங்கே மாற்றுத்திறனாளிகளின் பயன்பாடு குறைவு' என்று எழுதினால் நீங்களும் அநியாயத்தின் பக்கம் போய்விட்டீர்கள். தெருவில் எண்ணிய பிறகு வீடுகளுக்குப் போய், வராதவர்களைத் தேடிப் பேச வேண்டும். வியன்னாவில் தொடக்கமே, சிறுமிகள் இல்லாததைக் கவனித்ததுதான்.

சாதியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நகரமைப்பு ஆய்வேடுகளில் 'குறைந்த வருவாய்ப் பிரிவினர்' என்ற சொல்லுக்குள் சாதியை ஒளித்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர் யார், எந்தத் தெருவில் யாருக்கு வாடகை வீடு கிடைக்காது, சாக்கடையில் இறங்குகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதையெல்லாம் வருமானக் கட்டத்தில் அடைக்க முடியாது. டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1899இல் வெளிவந்த தன் நூலுக்காக ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய் விசாரித்து, ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் வண்ணமிட்டு, கறுப்பின மக்களின் நிலைக்கு அவர்களையே குறை சொல்லும் பேச்சைத் தரவால் எதிர்கொண்டார். அந்த நூலைப் படித்துவிட்டு உங்கள் கேள்வித்தாளைத் திருத்துங்கள்.

கோப்புகளைக் கேட்பது

தெருவில் அளந்ததைத் தெருவைப் போட்டவரின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இதற்காகவே இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. மாணவர்கள் செய்யும் பிழை, 'பிளாட்பாரம் ஏன் குறுகலாக இருக்கிறது?' என்று கேட்பது. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் வராது, அது கருத்துக் கேட்பதாகிவிடும். இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இன்ன தெருவின் பிளாட்பார வேலைக்கான விரிவான எஸ்டிமேட், டெண்டர் ஏற்பு ஆணை, அளவீட்டுப் புத்தகத்தின் இன்ன பக்கங்கள். பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில் போட்ட அகலமும் நீளமும் பதிவாகியிருக்கும். உங்கள் டேப்பில் வந்த அளவு அதிலிருந்து வேறுபட்டால், அந்த வேறுபாடே ஓர் அத்தியாயத்துக்குக் காணும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்தத் தேதிகளையும் ஆய்வேட்டில் குறியுங்கள்.

வியாபாரிகள் உள்ள தெருவானால் 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தை முழுதாகப் படித்துவிட்டே இறங்குங்கள். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பது சட்டம். உங்கள் தெருவின் முடிவு எடுக்கப்பட்டபோது அந்தக் குழு கூடியதா, கூடியிருந்தால் கூட்டக் குறிப்பு எங்கே என்பதும் கேட்கத் தகுந்த ஆவணம்தான்.

சான்றுகள் முரண்படும்போது

முரண்படத்தான் செய்யும். உங்கள் எண்ணிக்கை 'காத்திருப்பு 18 நிமிடம்' என்கிறது, அந்தப் பெண் 'தினமும் ஒரு மணி நேரம் நிற்கிறேன்' என்கிறார். பொறியியல் பின்னணியிலிருந்து வந்தவர் அவர் மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டுவார். மானுடவியலில் இருந்து வந்தவர் எண்களே பொய் என்பார். இரண்டு அவசரமும் வேண்டாம். அவர் சொல்லும் 'நிற்பது' எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் வேலை போய்விடும் என்பதால் முன்கூட்டியே வந்து நிற்கிறாரா? இருட்டில் தனியாக நிற்க பயந்து, பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பும் நேரத்துக்கு அவரும் கிளம்புகிறாரா? அப்படியானால் பயமும் காத்திருப்பின் ஒரு பகுதி. உங்கள் வரையறைதான் மாற வேண்டும். ஆய்வின் சிறந்த பகுதி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே முறையியல் அத்தியாயத்தில், இரு சான்றுகள் மோதினால் என்ன செய்வேன் என்பதை முன்னரே எழுதி வையுங்கள்.

குழுவும் விதிகளும்

பல்துறை ஆய்வுக்கும் ஒரு தாய்வீடு வேண்டும். பட்டம் எந்தத் துறையில் கிடைக்கிறதோ அந்தத் துறையின் தேர்வாளரே உங்கள் ஏட்டைப் படிப்பார். அவருக்கு நிறைவளிக்கும் முறையியல் ஒன்றாவது ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவற்றில், உங்கள் கேள்விக்குத் தேவையான அளவு பயிற்சி போதும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை மேற்பார்வையாளரை வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. பலர் இதைக் கேட்பதே இல்லை. கட்டடக்கலையில் பதிவு செய்தவர் சமூகவியலிலோ பொருளாதாரத்திலோ ஒருவரை இணைத்துக்கொள்ளட்டும், முதல் ஆண்டிலேயே. மூன்றாம் ஆண்டில் சேர்ந்தால் அவர் வந்து அடித்தளத்தைக் கேள்வி கேட்பார், திருத்த நேரம் இருக்காது.

அதே விதிகளின்படி முனைவர் பட்டக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டுச் சலுகை உண்டு, மகப்பேறு விடுப்பு 240 நாள்வரை. களப்பணிக்கு நீங்கள் போட்ட காலத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் அலுவலகங்களில் எந்தக் கோப்பும் அசையாது, வடகிழக்குப் பருவமழையில் தெரு எண்ணிக்கை நின்றுபோகும்.

நேர்காணல்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, தமிழிலேயே வகைப்படுத்துங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் போனாலும் மேற்கோளாக எடுக்கும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

தீங்கு செய்யாமல் இருப்பது

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அறநெறி முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பட்டா இல்லாத ஒரு குடியிருப்பை வீடு வீடாக வரைபடமாக்கி வெளியிட்டால், அகற்ற வருகிறவருக்கு அது ஆயத்த ஆவணம். விற்பனைச் சான்று இல்லாத பூக்காரம்மாவின் வண்டி நிற்கும் இடத்தைப் புகைப்படத்தோடு போட்டால் அடுத்த வாரம் அந்த வண்டி அங்கே இருக்காது. வரைபடத்தின் நுணுக்கத்தைக் குறையுங்கள். முகங்களைத் தவிர்த்துவிட்டு, தெருவை அடையாளம் காட்டும் பெயர்ப் பலகைகளையும் மறையுங்கள். எந்தத் தரவை எவரிடமும் தர மாட்டேன் என்பதை, அதிகாரியிடம் அனுமதிக் கடிதம் வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் எடுபடாது.

இன்னொன்று: 'நீங்க எழுதினா எங்களுக்கு பஸ் வருமா?' என்று கேட்பார்கள். வரும் என்று சொல்லாதீர்கள். என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் சொல்லி, அதைச் செய்யுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு முன்பே, கண்டறிந்ததை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக எழுதி, நேரக் கணக்கை ஒரே அட்டவணையாக்கி, குடியிருப்போர் சங்கத்துக்கும், வார்டு உறுப்பினருக்கும், பகுதி உதவிப் பொறியாளருக்கும், பஸ் பணிமனை மேலாளருக்கும் கொடுங்கள். பேசியவர்களைக் கூட்டி அதை வாசித்துக் காட்டுங்கள். தவறு என்று அவர்கள் சொல்லும் இடத்தை அங்கேயே குறித்துக்கொண்டு, ஏட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் திருத்த ஒரு மாதமாவது ஒதுக்கி வையுங்கள்.